கழங்கு பார்க்கும் வீடுகள்

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் நம் ஊரில் திருக்குறளையோ சங்க இலக்கியத்தையோ எதிர்பார்ப்பார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "செல்போன் கடைக்காரன் பேசவேண்டிய சோலிக்கு நீர் எதுக்கு ஓய் போறீரு?" என்று கேட்டார். சங்க இலக்கியமும் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் என்றேன்.

பதின்வயதுப் பிள்ளைகளின் போனில் பெற்றோர் வைக்கிற கண்காணிப்புச் செயலிகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பிள்ளை எங்கே நிற்கிறது, யாரோடு பேசுகிறது, வாட்ஸ்அப்பில் என்ன எழுதுகிறது, எதைத் தேடிப் பார்க்கிறது, எல்லாம் அம்மாவின் போனுக்கு வரும். அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ இருந்தால் அங்கேயும் வரும். வடசேரி பேருந்து நிலையத்தில் மகள் இறங்கியதை வளைகுடாவில் இருந்துகொண்டே பார்க்கிற தகப்பன்மார் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. பிள்ளையின் முகத்தை ஆண்டுக்கு ஒரு மாதம் பார்க்கிறவருக்கு, வரைபடத்தில் நகர்கிற அந்தப் புள்ளியாவது கிடைக்கிறதே என்றிருக்கும்.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2020இல் பள்ளிகள் மூடின. அதுவரை போனைத் தொட்டால் திட்டு வாங்கிய பிள்ளையின் கையில் பாடத்துக்காக நாமே போனைக் கொடுத்தோம். அதே ஆண்டு ஏப்ரலில், நம் நாகர்கோவிலில் ஓர் இளைஞன் கைதானான். சமூக வலைதளங்களில் பெண்களோடு பழகி, படங்களும் வீடியோக்களும் எடுத்து, அவற்றைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தான் என்பது வழக்கு. சென்னையைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் துணிந்து கொடுத்த புகாரில் தொடங்கியது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2023 ஜூனில் நாகர்கோவில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. நாகர்கோவில் கைதுக்கு முந்தைய ஆண்டு, 2019இல், பொள்ளாச்சியில் இதே மாதிரி ஒரு வழக்கு. அந்த வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தச் செய்திகளைப் படித்த தாய், மகளின் போனை எடுத்துப் பார்க்கத்தான் செய்வாள். ஆனால் இந்த வழக்குகளை நாம் பாதிதான் படித்தோம் என்று நினைக்கிறேன். போனால் வந்த வினை என்று படித்து முடித்துவிட்டோம். இப்படி மிரட்டுகிறவனின் தொழில் எதை முதலாக வைத்து நடக்கிறது என்று கேட்கவில்லை. வீடியோ அவனிடம் இருக்கிறது, சரி. அந்த வீடியோவுக்கு விலை எங்கிருந்து வருகிறது? 'வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. வீட்டில் முதலிலேயே சொல்லிவிடக்கூடிய பெண்ணிடம் அந்தச் சொல் செல்லாக் காசு. சொல்ல முடியாத பெண்ணிடம் அவன் இரண்டாவது தடவையும் பணம் வாங்குவான், மூன்றாவது தடவையும் வாங்குவான். இரண்டு வழக்கிலும் பாதிக்கப்பட்டவர்களில் புகார் கொடுக்க வந்தவர்கள் சிலர்தான். வராதவர்கள் எதற்காக வரவில்லை என்று நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்கள் பயந்தது அவனுக்கு மட்டும் இல்லை.

ஆகவே, இந்தச் செயலிகளைப் பற்றி நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: அவற்றை வைத்த பிறகு, பிள்ளை வீட்டில் வந்து சொல்வது கூடுமா, குறையுமா?

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். இதில் இரண்டு சாதி. கூகுள் 2017இல் கொண்டுவந்த ஃபேமிலி லிங்க், ஆப்பிள் 2018இல் கொண்டுவந்த ஸ்க்ரீன் டைம் போன்றவை வெளிப்படையானவை. பிள்ளைக்குத் தெரிந்தே இருக்கும். எந்தச் செயலியை இறக்கலாம், எத்தனை மணி நேரம் பார்க்கலாம், இரவில் எப்போது பூட்டவேண்டும் என்று பெற்றோர் முடிவு செய்யலாம். வாட்ஸ்அப் உரையாடலை அவை படித்துக் காட்டாது. இரண்டாவது வகை, போனில் அடையாளமே தெரியாமல் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் படிப்பவை. இத்தகைய ஒளிவுச் செயலிகளை 2020 முதல் கூகுள் தன் ப்ளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. கண்காணிப்புச் செயலி என்றால் அது ஓடிக்கொண்டிருப்பதைப் போனின் உரிமையாளருக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது விதி. அப்படியென்றால் ஒளிவுச் செயலி எப்படி உள்ளே வருகிறது? நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து நேராக இறக்குகிறார்கள். அதற்கு முன் போனின் பாதுகாப்புச் சோதனையை அணைத்துவிடச் சொல்வார்கள். தெரியாத இடத்திலிருந்து வரும் செயலிகளுக்கு அனுமதி கொடுக்கச் சொல்வார்கள். திரையில் தெரியும் அத்தனையையும் படிக்கும் அனுமதியையும் கேட்பார்கள். கள்ளனைப் பிடிக்க வாசற்கதவைக் கழற்றிச் சாத்திவைக்கிற காரியம் இது.

இன்னொன்றும் கேளுங்கள். இதையெல்லாம் செய்யத் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்? மூத்த மகனோ, மாமா மகனோ, செல்போன் கடைத் தம்பியோதான் போட்டுக்கொடுக்கிறார்கள். கடவுச்சொல் முதலில் யார் கையில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பதினாறு வயது மகளின் பேச்சும் படமும் போக்குவரத்தும் ஓர் இளைஞனின் கைக்குப் போகிறது, நம் செலவில். 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, 78ஆவது பிரிவில், ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. நியாயமான காரணம் இருந்தால் விலக்கும் உண்டு. தகப்பனார் அந்த விலக்குக்குள் நின்றுகொள்ளலாம். மாமா மகன் நிற்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அந்தத் தகவல் போய்ச் சேரும் கிடங்கின் கதை இதைவிட மோசம். டீன்சேஃப் என்ற நிறுவனம், பெயரிலேயே பாதுகாப்பை வைத்திருந்தது. 2018இல் அதன் சர்வர் பூட்டில்லாமல் கிடந்தது. பிள்ளைகளின் ஆப்பிள் கணக்குகளின் கடவுச்சொற்கள் மறையாக்கம்கூட இல்லாமல் அதில் இருந்தன. எம்ஸ்பை என்ற ஒளிவுச் செயலியிலிருந்து ஒரு முறைக்கு மேல் தகவல் கசிந்திருக்கிறது. 2024இல் வெளியானவை அதன் வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு எழுதிய லட்சக்கணக்கான கடிதங்கள். லைஃப்360 என்ற குடும்ப இருப்பிடச் செயலி, பயனர்களின் இருப்பிடத் தகவலைத் தரகர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது 2021இல் வெளியே வந்தது. மறுவருடம் துல்லியமான இருப்பிட விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தது. ஸ்பைஃபோன் என்ற நிறுவனம் இந்தத் தொழிலிலேயே இருக்கக்கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2021இல் தடை போட்டது. நம் பிள்ளையை ஊராரின் கண்ணிலிருந்து காக்க நாம் கட்டும் சந்தாத்தொகை இந்த மாதிரி இடங்களுக்குத்தான் போகிறது.

சரி, காசும் போகட்டும், கசிவும் போகட்டும். பிள்ளையைப் பற்றி உண்மை தெரிகிறதா? 2000ஆம் ஆண்டில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மத்திய ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களின் பெற்றோரையும் கேட்டு எழுதியது. பிள்ளைகளைப் பற்றி நிறையத் தெரிந்த பெற்றோருக்கு அந்தத் தகவல் எந்த வழியாக வந்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். துருவிக் கேட்டதாலும் கட்டுப்பாடு போட்டதாலும் கிடைத்தது கொஞ்சம். பெரும்பங்கு, பிள்ளை தானாக வந்து சொன்னது. அதுவரை 'பெற்றோர் கண்காணிப்பு' என்று பாடநூல்கள் புகழ்ந்ததெல்லாம், உண்மையில் பிள்ளை சொன்னதன் பலன் என்று அவர்கள் காட்டினார்கள். ஸ்வீடனில் நடந்தது நாஞ்சில் நாட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். அங்கே போகாமல் சங்கப் புலவர் கபிலரிடம் போவோம்.

அகப்பாடல்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். மகள் மெலிகிறாள். வளை நெகிழ்கிறது, நெற்றி பசக்கிறது. தாய்க்கு வெப்ராளம். மகளிடம் உட்கார்ந்து கேட்கிறாளா? கிடையாது. கட்டுவிச்சியை வரவழைத்து முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி கேட்கிறாள். முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டுக் கழங்குக் காய்களைப் போட்டுக் குறி பார்க்கிறாள். முருகு அணங்கியிருக்கிறது என்கிறான் வேலன். முற்றத்தில் களம் அமைக்கிறார்கள். ஆட்டுக்குட்டி பலியாகிறது. இரவு முழுக்க வெறியாட்டு. நோய் வந்தது மலைநாட்டு இளைஞனால். பலி போனது முருகனுக்கு. சங்கப் புலவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடிவதில்லை. நற்றிணையில் ஒரு தோழி, இது தன்னால் வந்த நோயல்ல என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிற முருகனையே அறிவில்லாதவன் என்று ஏசிவிடுகிறாள்.

வேலன் பொய் சொல்கிறவன் என்று நான் சொல்லவில்லை. கழங்கு ஏதோ ஒன்றைக் காட்டத்தான் செய்யும். இன்றைய செயலியும் காட்டும். மகள் மாலை 5:40க்குப் பள்ளியில் இல்லை, செட்டிகுளத்தில் இருக்கிறாள் என்று காட்டும். தோழிக்குக் காய்ச்சல் என்று மருந்து வாங்க நின்றாளா, யாரையாவது பார்க்க நின்றாளா, யாரிடமிருந்தாவது தப்பிக்கப் பேருந்தை விட்டு இறங்கி நின்றாளா, அது சொல்லாது. களியக்காவிளைப் பக்கம் ஜி.பி.எஸ். அணைந்து, கோபுரத்தை வைத்து இடம் கணிக்கிற போன் என்றால், கேரள எல்லை தாண்டிப் போய்விட்டாள் என்றுகூடக் காட்டிவிடலாம். அன்று அந்த வீட்டில் ஆடப்போகும் வெறியாட்டை எண்ணிப் பாருங்கள்.

அகத்துறையில் உண்மை வெளிவருகிற வழி வேறு. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் தமையன்மாரிடமும். குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் இந்த வழியில் ஒரே ஒரு கட்டம்தான்: தோழி செவிலியிடம் பேசுகிற பேச்சு. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் இன்னதென்று காட்டக் கபிலர் பாடியது என்பார்கள். ஒரு வேற்றரசனுக்குத் தமிழரின் வாழ்க்கையைக் காட்ட அவர் எடுத்துக்கொண்டது, மகளைப் பற்றிய செய்தி வீட்டுக்குள் எப்படிப் பக்குவமாகச் சொல்லப்படுகிறது என்பதை. வேலனைப் பழித்துவிட்டுப் பேசத் தொடங்குகிறவள் இல்லை அந்தத் தோழி. தாயின் துயரத்தை மதித்துத்தான் தொடங்குகிறாள். 

காவலும் அந்த உலகத்தில் உண்டு. இற்செறிப்பு என்பார்கள். காவல் கடுமையானால் அடுத்து வருகிற துறை உடன்போக்கு, தலைவனோடு ஊரைவிட்டுப் போய்விடுவது. இலக்கணக்காரர்களுக்கு அது தெரிந்திருந்தது. நம் மாவட்டத்துக்காரரான ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் 'புத்தம் வீடு' நாவலில் எழுதியதும் அதே காவலைத்தான். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்று வீட்டுக்குள் அடைபடுகிற லிஸிக்கும் ஒரு மனசு இருந்தது, அது பனையேறுகிறவனிடம் போயிற்று. அடைத்துவைத்த பெரியவர்களுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். செயலி வாங்குகிற பெற்றோரிடம் எதற்கு என்று கேட்டால் இணையக் குற்றவாளிகள் என்பார்கள். இரவில் உட்கார்ந்து தேடுவது வேறு. பையன் பெயர் என்ன, எந்த ஆட்கள், எந்தக் கோயில், எந்தச் சபை. மகனின் போனில் அவ்வளவு தேடுவதில்லை. மகளின் போனில்தான். அதுவும் மகளுக்கென்று போன் இருந்தால். 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுத்த 2023ஆம் ஆண்டின் ஏசர் (ASER) கல்வி ஆய்வில், ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் 43.7 சதவீதம் பேருக்குச் சொந்தப் போன் இருந்தது, பெண்பிள்ளைகளில் 19.8 சதவீதம் பேருக்கு. அது நாடு தழுவிய கணக்கு. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலில் நின்றது நம் மாவட்டம். படிக்கவைப்பதில் நாம் மகளையும் மகனையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்று பெருமைப்படலாம். போன் விஷயத்தில் அந்தப் பெருமை செல்லுபடியாகுமா என்று அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றங்களைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில் மாணவிகள் மாலையில் போன் வைத்திருக்கத் தடை இருந்தது. அதை எதிர்த்து வெளியேற்றப்பட்ட மாணவியின் வழக்கில், 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நமக்குரிய சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2018இல் ஒரு பொதுநல வழக்கு வந்தது: இணையச் சேவை நிறுவனங்களே பெற்றோருக்குக் கட்டுப்பாட்டு வசதி தரவேண்டும் என்று. 2025 டிசம்பரில் அதை முடிக்கையில், ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தை மத்திய அரசு எண்ணிப்பார்க்கலாம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே சமூக வலைதளக் கணக்கு கூடாது என்ற சட்டம் அந்த மாதம் 10ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. நம் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களை நிறுவனங்கள் பின்தொடர்வதையும் அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும் 9ஆவது பிரிவில் தடுக்கிறது. ஆனால் தனிமனிதர் வீட்டுக் காரியத்துக்காகச் செய்வதை அந்தச் சட்டம் தொடுவதில்லை. வீட்டுக்குள் என்ன செய்வது என்பதை நம் பொறுப்பில்தான் விட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பின்தொடர்வதே தப்பா? தூத்தூரிலும் வள்ளவிளையிலும் போய் அப்படிச் சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் போன் எட்டவில்லை. எச்சரிக்கை போகவில்லை. திரும்பி வராதவர்களுக்காகக் கடற்கரை மாதக்கணக்கில் காத்திருந்தது. படகு எங்கே நிற்கிறது என்று தெரியவேண்டும் என்பது அந்தக் குடும்பங்களின் நியாயமான கோரிக்கை. 2024 ஆகஸ்ட் 30 அன்று ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். ஏறத்தாழ 364 கோடி ரூபாய்த் திட்டம். அந்தக் கருவியைக் கொஞ்சம் கவனியுங்கள். அது படகில் இருப்பது படகோட்டிக்குத் தெரியும். கரையிலிருந்து அவருக்குச் செய்தி வரும், அவரும் செய்தி அனுப்பலாம். ஆபத்தென்றால் பொத்தானை அழுத்துவது அவர். கரைக்காரர்கள் அவர் பேசுவதை ஒட்டுக்கேட்பதில்லை. இப்படி ஒரு கருவியைப் பிள்ளையின் போனில் வைக்கிறேன் என்று ஒரு தாய் சொன்னால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. இரவு டியூஷன் முடிந்து வரும்வரை இருப்பிடத்தைப் பகிர்ந்துகொள், வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடு என்றால் பெரும்பாலான பிள்ளைகள் சம்மதிப்பார்கள். அப்பாவும் அம்மாவும் தங்கள் இருப்பிடத்தைப் பிள்ளைக்குக் காட்டினால் இன்னும் நல்லது. சின்ன வயதில் பூட்டு இருக்கலாம். பதின்மூன்று, பதினான்கில் பூட்டின் காரணத்தைச் சொல்லவேண்டும். பதினாறில் பாதியைத் திறந்துவிடவேண்டும். ஒளித்துவைத்த செயலி மட்டும் எந்த வயதிலும் வேண்டாம். ஒருநாள் பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும். இந்தத் தலைமுறை கண்டுபிடிக்காமல் இருக்காது. அன்று முதல் அது இரண்டாவது கணக்கில் பேசும், அல்லது தோழியின் போனில் பேசும். அம்மாவுக்கு வருவதெல்லாம் அம்மாவுக்காகவே தயாரித்த செய்தியாக இருக்கும். பிள்ளைகளே ப்ளே ஸ்டோரில் எழுதிய 736 மதிப்புரைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் திரட்டிப் பார்த்தபோது, 76 சதவீதம் பேர் இத்தகைய செயலிகளுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். மதிப்புரை எழுதுகிறவர்கள் கோபக்காரர்கள்தான் என்று கழித்துப் பார்த்தாலும் அது சின்ன எண்ணில்லை.

தோழிக்கும் செவிலிக்கும் இன்று யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. அப்பா கடலில் அல்லது வளைகுடாவில். ஆச்சி தனி வீட்டில். சித்தி கோயம்புத்தூரில். சொல்வதற்கு நடுவில் ஆளில்லாமல் பிள்ளை நேரே தாயிடம் வரவேண்டியிருக்கிறது. அவளிடம்தான் பயமும் அதிகம். ஒரு அத்தையையோ ஒரு ஆசிரியையையோ, 'என்னிடம் சொல்ல முடியாததை இவர்களிடம் சொல், அவர்கள் உன்னைக் கேட்காமல் என்னிடம் சொல்லமாட்டார்கள்' என்று பெற்றோரே குறித்துக் கொடுக்கலாம். அதற்குச் சந்தா கிடையாது.

அப்படி ஒருநாள் பிள்ளை வந்து, என் படம் ஒருத்தனிடம் மாட்டிக்கொண்டது என்று சொன்னால் என்ன செய்வது? போனைப் பிடுங்கி உடைக்கக்கூடாது. சான்று அதில்தான் இருக்கிறது. செய்திகளை அழிக்காமல் படம் பிடித்துவைக்கவேண்டும். பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக்கூடாது. இணையக் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கு 1098. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது; படத்தை எங்கும் அனுப்பவேண்டாம், அதன் எண் அடையாளத்தை மட்டும் நம் போனிலேயே எடுத்து, சேர்ந்திருக்கும் வலைதளங்களுக்குக் கொடுக்கும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிள்ளையின் பெயரோ அடையாளமோ செய்தியில் வருவதைத் தடுக்கிறது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வைத்து எழுதவேண்டும். கூடுமானவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி எழுதவேண்டும். அவர் சீருடையில் வரக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது.

இவ்வளவும் சட்டத்தில் இருப்பது நம் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. போலீஸ், ஊர், மானம் என்று நினைத்ததும் பிள்ளையின் வாயை நாமே பொத்திவிடுகிறோம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எந்தச் செயலி நல்லது என்று பேசுவதற்கு முன், ஒரு வழக்கறிஞரை அழைத்து இந்தப் பிரிவுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசவையுங்கள். மாணவர்களையும் உடன் உட்காரவையுங்கள். நாகர்கோவிலில் வழக்கறிஞருக்குப் பஞ்சமில்லை.